ஓர் இலையும் குறையாமல்

பூமி ஆடுவதெல்லாம் மற்ற ஊர்களில்தான் என்று எங்கள் குடும்பத்தில் அப்போது எல்லோரும் உறுதியாக நம்பியிருந்தார்கள். அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் அப்பா மூன்று கிணறு வெட்டியிருந்தார். மூன்றிலும் ஆள் உயரம் தாண்டுவதற்குள் பாறை வந்துவிட்டது. வெடி வைத்தும் லேசில் அசையாத அந்தப் பாறையை அவர் கண்ணால் பார்த்திருந்தார். "நாம பாறை மேல உக்காந்திருக்கறமுங்க. பாறை எங்கீங்க ஆடும்?" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் கேட்பார். வந்தவர்களும் காப்பியைக் குடித்துவிட்டு, ஆடாது என்று ஒப்புக்கொண்டு போவார்கள்.

அம்மாவின் கவலை வேறு. "புதுசாக் கட்டறவளுக்கு ஒரு பேரு இருக்குது அம்மணி. ஒட்டுப்போடறவளுக்கு என்ன பேரு?" என்பார். என் வேலை, ஏற்கெனவே நிற்கும் கட்டடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்கும்படி அவற்றை வலுப்படுத்துவது. பத்து ஆண்டுகள் புதிய கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டிருந்த நான் பழைய கட்டடங்களின் பக்கம் திரும்பியது, வீட்டில் எல்லோருக்கும் பதவி இறக்கமாகவே தோன்றியது.

ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஹரிணி என்ற இளம் பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார். பழைய வரைபடங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

"மேடம், அன்னூர்க் கல்யாண மண்டபத்தோட கீழ்த்தளப் பிளான் ஒண்ணு இருக்குதுங்க. அதுல பச்சை பச்சையா நூத்துக்கணக்குல கட்டம் போட்டிருக்குது. என்னதுன்னு எங்கயும் குறிக்கல. டைல்ஸுங்களா?"

"எலைம்மா."

"எலைங்களா?"

"வாழை எலை. ஒவ்வொரு கட்டமும் ஓர் ஆள் சாப்பிடற எடம்."

"இத நீங்க எழுதியே ஆகணுமுங்க" என்றார் ஹரிணி. அதனால் எழுதுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோவையில் படித்தேன், கோவையிலேயே வேலை கிடைத்தது, ஆலைகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் தூணும் விட்டமும் கணக்கிட்டேன். வடக்கே ஒரு பெரும் பூகம்பம் நேர்ந்தபோது வந்த செய்தித்தாள் படங்கள்தாம் என்னைத் திருப்பின. மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இரண்டு மாடியாக நின்றது. சன்னல் கண்ணாடி கூட உடையாமல் மேல் மாடிகள் அப்படியே இருந்தன. வண்டிகள் நிறுத்துவதற்காகத் தூண்களை மட்டும் வைத்துவிட்ட கீழ்த்தளத்தைக் காணவில்லை. அதன் பிறகு எங்கள் அலுவலகத்தில் வலுப்படுத்தும் பிரிவு என்று ஒன்று தொடங்கினார்கள். அதில் இரண்டு பேர் இருந்தோம்: தேவசகாயம் சாரும் நானும்.

சார் பொள்ளாச்சிக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர், மணம் செய்துகொள்ளாதவர், சட்டைப் பையில் எப்போதும் சுண்ணக்கட்டி வைத்திருப்பதால் பை வெளுத்தே இருக்கும். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததும் முதல் அரை மணி நேரம் பேசமாட்டார். மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார். பிறகு கழிப்பறைச் சுவர்களின் ஈரத்தைப் பார்ப்பார். அதன் பின் கீழே வந்து, ஒவ்வொரு தூணையும் மாட்டின் முதுகைத் தடவுவதுபோல் தடவிக்கொண்டே போவார். கடைசியில் உரிமையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எந்தச் செவுர எடுத்தீங்க?"

எடுத்தீர்களா என்று அவர் கேட்டதே இல்லை. எல்லாக் கட்டடத்திலும் ஒரு சுவர் காணாமல் போயிருக்கும் என்பது அவர் அனுபவம். "நாங்க ஒண்ணும் எடுக்கலைங்களே" என்பார் உரிமையாளர். அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "கடைக்குன்னு ஒண்ணு எடுத்துப்போட்டமல்ல?" என்று நினைவுபடுத்தும்.

அவரிடம் நான் மிகவும் மதித்த குணம் ஒன்று உண்டு. கட்டடம் விழுந்துவிடும் என்று யாரையும் அவர் மிரட்டியதில்லை. "பயமுறுத்தி வேலை வாங்கக் கூடாதும்மா. பயம் ஒரு மாசத்துல ஆறிப்போகும். தூண் பாதியில நிக்கும்" என்பார்.

அந்தப் பிரிவு தொடங்கிய இரண்டாம் ஆண்டு, புரட்டாசி மாதத்தில், பொன்னுசாமி வந்தார். அன்னூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சொந்தக்காரர். மாப்பிள்ளை வீட்டார் தங்குவதற்கு மேலே இன்னொரு மாடி எழுப்ப வேண்டும் என்று கேட்டு வந்தவர். தைக் கடைசி முகூர்த்தத்தில் அதே மண்டபத்தில் அவருடைய ஒரே மகள் சுகந்திக்குத் திருமணம்.

போய்ப் பார்த்தோம். மாடியில் மணமேடையுள்ள பெரிய கூடம், சுற்றிலும் செங்கல் சுவர். மொட்டை மாடியில் பின்னால் கட்டிய பெரிய தண்ணீர்த் தொட்டி. இவ்வளவு கனத்துக்கும் கீழே சாப்பாட்டுக் கூடம். அதில் வரிசை வரிசையாகத் தூண்களைத் தவிர ஒன்றுமில்லை. தூண்களோ ஒல்லி. கை கழுவும் இடத்தை அகலப்படுத்த ஒரு பக்கச் சுவரை எடுத்திருந்தார்கள். சமையற்கட்டுப் பக்கம் மட்டும் சுவர்கள் மிச்சம். பூமி ஆடினால் மண்டபம் சமையற்கட்டுப் பக்கம் பிடிபட்டு, மறுபக்கம் திருகிக்கொள்ளும். அப்போது கீழே நானூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

"மாடி இப்ப வேண்டாமுங்க. இருக்கறதுக்குக் கால் பத்தல. தொட்டியைக் கீழ எறக்கிப்போட்டு, கீழ்க்கூடத்துல ஆறு காங்கிரீட் செவுரு வெக்கோணும். தூணையும் பெருக்கோணும்" என்றார் சார்.

பொன்னுசாமி சிரித்தார். "ஏனுங்க, மாடி கேக்க வந்தா பந்தியில செவுரு வைக்கச் சொல்றீங்களே! இந்த ஊர்ல எப்பங்க பூமி ஆடுச்சு?"

"நூறு வருசத்துக்கு முந்தி ஆடியிருக்குதுங்க."

"அப்ப நாமெல்லாம் இல்லைங்களே."

"மண்டபமும் இல்லைங்களே."

சார் மேற்கொண்டு வாதாடவில்லை. மூலையில் சாய்த்து வைத்திருந்த மடக்குச் சாப்பாட்டு மேசை ஒன்றை எடுத்து வந்து, கால்களைப் பிரித்தார். கால்களின் பூட்டுக் கம்பியை மட்டும் மாட்டவில்லை. "கொஞ்சம் தள்ளிப் பாருங்க" என்றார். பொன்னுசாமி ஒரு விரலால் தள்ளினார். மேசை மடங்கித் தரையில் விழுந்தது. அதையே மறுபடி நிறுத்தி, பூட்டுக் கம்பியை மாட்டிவிட்டு, "இப்பத் தள்ளுங்க" என்றார். இரண்டு கையாலும் தள்ளியும் மேசை மடங்கவில்லை.

"மேசை அதேதானுங்க. காலும் அதேதான். அந்தக் கம்பிதான் நான் கேக்கற செவுரு."

பொன்னுசாமி குனிந்து அந்த மேசையின் பூட்டுக் கம்பியைத் தாமே கழற்றி மாட்டிப் பார்த்தார். ஆயிரக்கணக்கான பந்திகளுக்கு அவரே போட்ட மேசை அது. பிறகு தம் நிபந்தனையைச் சொன்னார்: "சரிங்க. ஆனா ஒரு பந்திக்கு நானூறு எலைன்னு சொல்லித்தான் மண்டபம் விடறேன். ஒரு எலை கொறைஞ்சாலும் வேண்டாமுங்க. எம் புள்ள கல்யாணத்துலயே பந்திக்கு எடமில்லைன்னு பேச்சு வாங்க முடியாது."

திரும்பும் வழியில் சார் என்னிடம் சொன்னார்: "இது உங்க கணக்கும்மா. என்னைய விட நீங்கதான் நெறையக் கல்யாணம் சாப்பிட்டிருப்பீங்க."

நான் ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தேன். கூடத்தின் நடு வரிசையில் ஆறு சுவர்கள், வலமும் இடமும் ஒத்த அழகு. ஐப்பசியில் ஒரு திருமணம் முடிந்த மறுநாள் போய், சுவர் வரும் இடங்களைத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடிட்டேன். மண்டபத்தின் தலைமைச் சமையல்காரர் மருதாசலம் கையில் கரண்டியோடு வந்து நின்றார்.

"எஞ்சினியரம்மா, இது செவுருங்களா?"

"ஆமாங்க."

"அப்பச் சாம்பார் எப்படிங்க வரும்?"

கேட்ட கையோடு அவரே உள்ளே திரும்பி, "டேய், வாளியத் தூக்கிட்டு எல்லாரும் வாங்கடா" என்று குரல் கொடுத்தார். முந்தின நாள் மிஞ்சிய இலைக் கட்டுகளைப் பிரித்து மேசைகளில் விரித்தார்கள். பரிமாறும் ஆட்கள் ஆறு பேர் வெறும் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். "கோட்டத் தாண்டக் கூடாது. அது செவுரு" என்றார் மருதாசலம். சோற்று வாளி முன்னே போக, சாம்பார் வாளி பின்னே போயிற்று. நடுக் கூடத்துக் கோட்டருகே சோற்று வாளி திரும்ப வழியில்லாமல் நிற்க, சாம்பார் வாளி வந்து மோதிற்று. "செவுத்துல முட்டிட்டனுங்க, மண்டை ஒடஞ்சுபோச்சு" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் ஒருவர். ரசம் கொண்டுவந்தவர், "எனக்கு வழியில்லீங்க, ரசமில்லாமயே சாப்பிடச் சொல்லுங்க" என்றார். பொன்னுசாமி முதற்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என் வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டேன்.

"சரிங்க மருதாசலம், நீங்களே சொல்லுங்க. எங்க வெச்சா உங்களுக்கு இடைஞ்சல் இல்ல?"

அவர் யோசிக்கவே இல்லை. "மூலையில வையுங்க. மூலையில ஃபேன் காத்து வராது, எவனும் உக்கார மாட்டான். தண்ணி டிரம்மும் எச்சில் எலைத் தொட்டியும்தான் அங்க கெடக்கும்."

நான்கு மூலைகளையும் ஒட்டி, வெளி வரிசைத் தூண்களுக்கு இடையே புதுக் கோடுகள் போட்டோம். வாளிகள் தடையின்றி ஓடின. தூண்கள் பருமனாவதால் பன்னிரண்டு இலை போயிற்று. மருதாசலம் சமையற்கட்டுப் பக்கத்து இரண்டு வரிசைகளை அகலவாட்டில் திருப்பிப் போட்டுப் பதினான்கு இலை சேர்த்தார். ஆக, இரண்டு இலை கூடியது.

"ரெண்டு கூடுதா?" என்றார் பொன்னுசாமி. "அப்ப இன்னும் நாலு செவுரு வையுங்க!"

அலுவலகத்துக்கு வந்து மறுபடி கணக்கிட்டேன். கட்டடம் திருகுவதைத் தடுக்க, சுவர்கள் நடுவில் இருப்பதைவிட வெளி ஓரங்களில் இருப்பது நல்லது என்பது நான் படித்ததுதான். வலமும் இடமும் ஒத்த அழகில் மயங்கி அதை மறந்திருந்தேன். சாரிடம் இரண்டு தாள்களையும் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்க செவுரு தேவலாம். மருதாசலம் செவுரு இன்னும் தேவலாம்" என்றார். அந்த வரைபடத்தில் நானூற்று இரண்டு இலைகளையும் பச்சைப் பென்சிலால் நானே குறித்தேன். ஹரிணியின் கேள்விக்கு விடை அதுதான்.

கார்த்திகையில் அடித்தளத்துக்குக் குழி எடுத்தார்கள். அப்பா தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப் பார்க்க வந்தார். ஐந்தடியில் பாறை தென்பட்டது. "பாத்தியா அம்மணி!" என்றார் வெற்றியோடு.

சார் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, "பாறையும் ஆடுமுங்க. மண்ணை விடக் கொஞ்சமா ஆடும். அதும் மேல நிக்கறது எப்படி நிக்குதுங்கறதுதான் எங்க கவலை" என்றார். அப்பா குழிக்குள் இறங்கி, பாறை மேலிருந்த மண்ணைக் கையால் துடைத்து, சற்று நேரம் உள்ளங்கையை அதன்மேல் வைத்திருந்தார். மேலே ஏறி வந்ததும் மேஸ்திரியிடம், "கம்பி இது போதுமாங்க?" என்று கேட்டார். அவர் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டார் என்று நான் அறிந்த கணம் அது.

மார்கழியில் திருமணங்கள் இல்லை. மண்டபம் முழுக்க எங்களுடையது. தூணைப் பருமனாக்கும் முறை எளிமையானது, ஆனால் பொறுமை கேட்பது. இரும்பு முட்டுக் கொடுத்துவிட்டு, பூச்சை முழுக்க உரிக்க வேண்டும். பழைய காங்கிரீட்டின் மேல்தோலைக் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். தூசி போகக் கழுவ வேண்டும். சுற்றிலும் புதுக் கம்பியும் நெருக்கமான வளையங்களும் கட்டி, நான்கு அங்குலம் புதுக் காங்கிரீட் போர்த்த வேண்டும். பழையதும் புதியதும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. பற்றவில்லையென்றால், அது தூணுக்குப் போட்ட தொளதொளச் சட்டை. மார்கழி இருபதுக்குள் காங்கிரீட் முடிந்தால்தான், அது முற்றி இறுகித் தைக் கடைசிப் பந்தியைத் தாங்கும்.

முதல் ஆறு தூண்களைக் கொத்தி முடித்தோம். மறுநாள் கம்பி கட்டுவதாக இருந்தது. காலையில் நான் போனபோது, ஆறு தூண்களும் மஞ்சள் நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தன. கை எட்டும் உயரம் வரை, நல்லெண்ணெயில் குழைத்த மஞ்சள். நடுவில் குங்குமம். அடியில் தேங்காய் உடைத்திருந்தது.

பொன்னுசாமியின் மனைவி பழனியம்மாள் பூத்தட்டோடு நின்றிருந்தார். "தோலுரிச்சு எலும்பு தெரிய நிக்குதுங்களே கண்ணு. கல்யாண ஊட்டுல பாக்கச் சகிக்கல. அதான் மஞ்சள் வெச்சு உட்டேன். காயத்துக்கு நல்லதுதானுங்களே?" என்றார்.

எண்ணெய் பட்ட காங்கிரீட்டைப் புதுக் காங்கிரீட் பற்றாது. அன்று மார்கழி பதினைந்து.

யாரிடம் கோபப்படுவது? கொத்திய தூணில் எதுவும் படக்கூடாது என்று மேஸ்திரியிடம் சொல்லியிருந்தேன், சித்தாள்களிடம் சொல்லியிருந்தேன், பொன்னுசாமியிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன். இந்த வீட்டில் மங்கலமும் அமங்கலமும் பார்க்கிறவர் யாரோ, அவரிடம் சொல்லவில்லை. ஒரு பெண்ணாக இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

சார் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்து, ஆறு தூண்களையும் பார்த்தார். "பூசை நல்லாருக்குதுங்க அம்மா" என்றார் பழனியம்மாளிடம். "எண்ணெய் மட்டும் காங்கிரீட்டுக்கு ஆகாதுங்க. புதுசு பழசோட ஒட்டாது. ஒட்டலைன்னா செஞ்சதெல்லாம் வீண். இது எங்க தப்புங்க. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கோணும்."

பழனியம்மாளின் முகம் ஒரு கணம் வாடியது. உடனே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "எண்ணெய் தேய்ச்சா அரப்புப் போட்டுத் தலைக்கு ஊத்தறதுதானுங்களே. எத்தன புள்ளைகளுக்கு ஊத்தியிருக்கறேன், இந்தத் தூணுக்கு ஊத்த மாட்டனா?"

சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எந்தப் பாடநூலிலும் அரப்பு இல்லை. "பாத்துப்போடலாமுங்க" என்றார் சார்.

வீட்டுப் பெண்கள் எட்டுப் பேர், கல்யாணப் பெண் சுகந்தி உட்பட, வெந்நீரும் அரப்புப் பொடியும் தேங்காய் நாருமாக இறங்கினார்கள். தூண்களுக்கு நடந்த எண்ணெய்க் குளியலை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். "காதுக்குப் பொறத்தால நல்லாத் தேய்யி" என்று ஒருத்தி கத்த, "இதுக்கு ஏதக்கா காது?" என்று மற்றொருத்தி கேட்க, கூடம் முழுக்கச் சிரிப்பும் நுரையுமாக இருந்தது. காய்ந்த பின் நான் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். எண்ணெய் போயிருந்தால் காங்கிரீட் தண்ணீரைக் குடித்துவிடும். இருந்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். பெரும்பகுதி குடித்தது. சில இடங்களில் முத்து நின்றது. அந்த இடங்களில் மட்டும் இன்னும் அரை அங்குலம் கொத்தச் சொல்லி, மறுபடி கழுவி, மறுபடி தெளித்தேன். இரண்டரை நாள் ஆயிற்று. கடைசித் தூணின் கடைசி முத்தும் உள்ளே போனபோது, பழனியம்மாள் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

மார்கழி இருபதில் முடியவில்லை, இருபத்திரண்டில் முடிந்தது. அச்சுப் பலகைகளைப் பிரித்த அன்று, சார் சிறு சுத்தியலால் ஒவ்வொரு தூணையும் தட்டிக்கொண்டே போனார். உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தம் பொத்தென்று விழும். ஒன்றிலும் விழவில்லை. பூச்சு வேலை முடிந்ததும் பழனியம்மாளை அழைத்து, "இப்ப எவ்வளவு எண்ணெய் வேணும்னாலும் பூசுங்க" என்றார்.

அதன் பிறகு நான் தயாரித்த வேலைத் திட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரு வரி இருக்கும்: "பூசை — பூச்சு முடிந்த பின்." துடியலூரில் ஒரு பள்ளிக்கூடம், பொள்ளாச்சியில் ஒரு கொப்பரைக் கிடங்கு, கோவைக்குள் மூன்று மருத்துவமனைகள் என்று இருபது ஆண்டுகளில் எத்தனையோ கட்டடங்களுக்குள் நுழைந்தேன். சார் மொட்டை மாடிக்குப் போவார். நான் சமையற்கட்டுக்குப் போவேன். சமையற்கட்டு இல்லாத இடத்தில், கூட்டிப் பெருக்குகிறவரைத் தேடிப் போவேன். காணாமல் போன சுவர் எது என்பது பெரும்பாலும் எனக்கே முதலில் தெரிந்துவிடும்.

சுகந்தியின் திருமணத்துக்கு அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். நானூற்று இரண்டு இலையும் நிறைந்தது. மூலைச் சுவரை ஒட்டிய கடைசி இலையில் அப்பா உட்கார்ந்தார். காற்று வராத இடம் என்று மருதாசலம் தடுத்தும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், சுவரை முழங்கையால் இடித்துக் காட்டி, "இது எம் புள்ள வெச்ச செவுருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எதற்கு என்று கேட்டதும், "பூமி ஆடுமல்லங்க" என்றார் அப்பா. அம்மா என் பக்கம் குனிந்து, "ஒட்டுப்போட்டாலும் நல்லாத்தான் போட்டிருக்கறே" என்றார்.

அந்த மண்டபத்தை இன்றுவரை பெரிதாக எதுவும் உலுக்கவில்லை. உலுக்க வேண்டாம் என்பதே என் விருப்பமும். எங்கள் வேலை சரியாக இருந்ததா என்பதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது. சாட்சி வராமலே போவதுதான் நாங்கள் கேட்டுக்கொள்வது. இப்படி ஒரு வேலையில் ஒருவர் மகிழ்ச்சியாக இருக்க முடியுமா என்று ஹரிணி கேட்டார். நான் இருந்தேன்.

சென்ற வாரம் அதே மண்டபத்தில் நடந்த ஒரு திருமணத்துக்காக அன்னூர் போயிருந்தேன். அப்பாவும் அம்மாவும் இன்று இல்லை. தேவசகாயம் சார் இல்லை. பொன்னுசாமியும் மருதாசலமும் இல்லை. மண்டபத்தைச் சுகந்தி பார்த்துக்கொள்கிறாள். பழனியம்மாள் இருக்கிறார், அரப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். அவரும் நானும் மூலைச் சுவரை ஒட்டிய கடைசி இரண்டு இலைகளில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.